ஆறிப்போன நட்சத்திரம் தேடிய ராத்திரி

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது 1996இல், மலேசியாவில், மம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்கு நடந்தது.

எனக்கும் என் நண்பன் தேவதாஸுக்கும் ஒரே பைத்தியம். சரியாக எரிய முடியாமல் ஆறிப்போன நட்சத்திரங்களைத் தேடுவது. அவை கண்ணுக்குத் தெரியாது. வானத்தில் ஒரே இடத்தை இரண்டு கேமராவில் எடுப்போம். ஒன்றில் சாதாரண பிலிம், மற்றதில் அகச்சிவப்புப் பிலிம். சாதாரணத்தில் இல்லாத புள்ளி அகச்சிவப்பில் மட்டும் விழுந்தால், அது ஆறிப்போனது என்பது எங்கள் கணக்கு. படம் முடியும்வரை வெளிச்சமே கூடாது. தீக்குச்சிகூட உரசமாட்டோம்.

அன்று நான் முன்னால் போய்க் கேமராக்களைத் திறந்துவிட்டேன். தேவதாஸ் மோட்டார் சைக்கிளில் வரவேண்டும். அவன் மனைவி லில்லிக்கு நிறைமாதம். "அவர பத்திரமா திருப்பி அனுப்பிடுங்கண்ணே" என்று சாயங்காலமே கெஞ்சியிருந்தாள்.

பத்து மணி. பக்கத்தில் வந்து நின்றான்.

"மோட்டார் எங்கடா?"

"ரோட்டுல."

காய்ந்த இலைமேல் நடந்தான். சத்தமே இல்லை. கொசு என்னைப் பிடுங்கித் தின்றது. அவன் கையைக்கூட அசைக்கவில்லை.

பத்து நாற்பது. மரங்களுக்குள் ஒரு முனகல்...

டார்ச்சை எடுத்தேன்.

"அடிக்காத லா. படம் கெட்டுரும்."

"யாரோ கூப்பிடுறாங்கடா!"

"நாய்தான்."

போய்க் கேமராக்களுக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"டேய், மறைக்காத!"

நகரவில்லை.

மறுபடி முனகல்...

"நாய்தான்."

மறுபடி...

வெளுத்தபோது பக்கத்தில் ஆளில்லை. ரப்பர் பால் எடுக்க மரம் சீவ வந்த தோட்டத் தொழிலாளி சன்னாசி கத்திய கத்தலில் ஓடினேன். கால்வாயில், மோட்டாருக்கு அடியில், தேவதாஸ் செத்துக் கிடந்தான்.

அன்றிரவே பிலிமைக் கழுவினேன். சாதாரண பிலிமில் நட்சத்திரங்கள் மட்டும். யாரும் மறைக்கவில்லை. அகச்சிவப்பில்... மங்கலாக ஓர் ஆள். சிரித்துக்கொண்டு.

செத்தும் என்னைத் தேடி வந்தானே என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அடக்கத்தன்று லில்லி என் சட்டையைப் பிடித்தாள்.

"விடியுற வரைக்கும் உசுரு இருந்துச்சாம்ணே. டாக்டர் சொன்னாரு."

உயிரோடு கிடந்தவன் எப்படி ஆவியாக வருவான்?

"கத்திக் கத்தித் தொண்டையே புண்ணாயிருச்சாம். ஒங்க பேரச் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பாரு?"