உள்பக்கத்து நட்டு

பக்கத்துக் கடை மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பிக்கப் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் மாட்டிய அதே சக்கரம்தான். "இன்னொரு தடவ பாத்துருவோம்" என்பார். எங்கள் வரிசைக் கடைகளில் அவருக்குப் பெயரே 'இன்னொரு தடவை' என்றாகிவிட்டது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு, ஆள் வராத நேரத்தில் அவரை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

சக்கரம் வெளியே தள்ளி நின்றால் வண்டிக்கு மிடுக்கு என்று நினைப்பவர்கள் அவரிடம் வருகிறார்கள். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தடித்த அலுமினிய வட்டை வைத்துத் தருவார். ஆனால் வந்தவரை விரட்டுவதுதான் முதல் காரியம். "அழகுக்குன்னா வேணாங்க. மாட்டியே தீரணும்னா, கொஞ்சம் ஓட்டிட்டுத் திரும்ப வரணும். ஸ்பேசரப் புடிச்சிருக்கிற நட்டு உள்ள இருக்கு. சக்கரத்தக் கழட்டினாத்தான் தெரியும். அது தளர்ந்து ஆடிச்சுன்னா ஸ்பேசர்ல வட்டமா இருக்கிற போல்ட்டு ஓட்டை முட்டை மாதிரி இழுத்துக்கும். அப்புறம் போல்ட்டு அறுந்து, உங்க சக்கரம் உங்களுக்கு முன்னால போய்ச் சேரும்!"

திரும்ப வராதவர்களைப் போனில் பிடித்து நச்சரிப்பார். தெருவில் நிற்கும் முன்பின் தெரியாதவர் வண்டியைக்கூடக் குனிந்து பார்க்காமல் தாண்ட மாட்டார்.

இத்தனையும் போன மழைக்காலத்துக்குப் பிறகுதான். அவருடைய தங்கை வீட்டு பிக்கப்புக்கு இவர்தான் ஸ்பேசர் மாட்டினார். தங்கையின் கணவரான மச்சான், இவர் சொன்னபடி திரும்ப வந்தார். அப்போது சாப்பாட்டு வேளை. நம்ம வீட்டு வண்டிதானே என்று இவர் சக்கரத்தைக் கழற்றாமல், வெளிநட்டை மட்டும் இறுக்கி அனுப்பிவிட்டார். அந்த வாரமே ஒரு வளைவில் சக்கரம் கழன்று ஓடியது. வண்டி சுவரில் மோதி நின்றது. உடன் போன தங்கைக்குக் கை முறிந்தது.

இவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காதது மச்சானுக்குத் தெரியும். ஆனாலும், "பள்ளத்துல விட்டுட்டேன், என் தப்பு" என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். இவரும் சும்மா இருந்துவிட்டார். "நாலு திட்டு திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். இப்ப அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கவே கூசுது" என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். கழன்று விழுந்த அந்த ஸ்பேசர் அவர் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

இன்று தங்கை வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புது வண்டிக்காரர் ஒருவருக்கு முட்டை ஓட்டைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கண்ணன் சொல்றதக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர் பள்ளத்துல விட்டப்ப, அண்ணன் வேலை சுத்தமா இருக்கப் போய்த்தான் நாங்க உயிரோட இருக்கோம்."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஸ்பேசரை எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தார்.

"பள்ளம் இல்லம்மா. நான்தான்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். முறிந்து கூடிய கையின் விரலை ஓட்டை ஒன்றுக்குள் விட்டு, விளிம்போடு மெல்லச் சுற்றினாள். முட்டையாய் இழுத்திருந்த இடத்தில் விரல் நின்றது.