மதாமின் சுவரிலிருந்த பூட்டி

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள், ஒஸ்லோவில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவும் வேலை செய்தேன். விடிய நாங்கள் இருந்த எல்லிங்ஸ்ருட்டில் ரயிலேறிப் பின்னேரம் திரும்பும்போது முழங்கால்கள் என்னுடையவை போலவே இருக்காது. நோர்வேக்கு வருமுன் பாரிசில் இருந்தவள் என்பதால், நகரின் மேற்குப் பக்கத்தில் தனியே வாழ்ந்த ஒரு பிரெஞ்சு மூதாட்டியிடம் என்னை அனுப்பினார்கள். நோர்வேக்காரர் ஒருவரை மணந்து வந்து, அவரையும் இழந்தவர். நான் அவரை மதாம் என்று கூப்பிடுவேன்.

அவருடைய வரவேற்பறைச் சுவர் முழுக்க எண்ணெய் வர்ண ஓவியங்கள். அவர் பிறந்த குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவராவது ஓவியரை வீட்டுக்கு அழைத்துத் தம்மை வரைவித்திருக்கிறார்கள். பிரான்சிலிருந்த அவருடைய அண்ணன் மகன் அவற்றை எடுத்துப்போக வருவதாக இருந்தது. யார் யார் என்று ஒழுங்குபடுத்தி வைக்கும்படி கேட்டிருந்தார். மதாமுக்கோ பார்வை மங்கிவிட்டது. வேலை முடிந்த பிறகு நான் பார்த்துச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்தில் தேடுவார்.

"கையில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. கையுறை மட்டும்."

"அது தாத்தாவின் அப்பா. தோல் வியாபாரி. விரலெல்லாம் சாயக்கறை. அதனால் கையுறையோடு வரையச் சொன்னாராம்."

பெண்களை ஒரு பதக்கம் அடையாளம் காட்டியது. பச்சைக்கல் பதித்த அந்தப் பதக்கம் தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும். ஜன்னலோரத்து நீலச் சால்வைப் பெண்ணின் கழுத்தில் மட்டும் அது இல்லை.

"அவர் என் பூட்டி, பாட்டியின் அம்மா. அந்த நேரம் யுத்தம். பதக்கத்தை ஒளித்து வைத்திருந்தார்கள்" என்றார் மதாம் உடனேயே. "சின்ன வயதில் அம்மா அடித்தால் அவருக்குக் கீழே போய் இருந்துதான் அழுவேன். எனக்கு அவருடைய மூக்கு, பாருங்கள்."

பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வீட்டுக்குப் பிந்திப் போனால் கணவருக்குக் கோபம். "உமக்கென்ன விசரே? ஆரோ ஒருத்தியின்ரை பூட்டன் பூட்டியைத் தேடிக்கொண்டு திரியிறீர்."

"பாவம், கண் தெரியாத மனிசி" என்றேன். எங்கள் குடும்பத்தில் என் அப்பாவின் முகமே அடையாள அட்டைப் படத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்கு முந்தியவர்கள் வெறும் பெயர்கள்.

அண்ணன் மகன் வந்தார். நீலச் சால்வைப் பெண்ணின் சட்டம் உளுத்திருந்ததால் படத்தைக் கழற்றினார். சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் ஓவியர் அவளுடைய பெயரை எழுதியிருந்தார். வேறொரு குடும்பத்தின் பெயர். அண்ணன் மகன் சிரித்துவிட்டார்.

"அப்ப அப்பா சொன்னது உண்மைதான். சுவரில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறதென்று தாத்தா, உங்கள் அப்பா, ஏலத்தில் ஒரு படம் வாங்கினாராம்."

மதாம் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் வாசியுங்கள்."

வாசித்தேன். இன்னொரு தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"இது நமக்கு வேண்டாம், அத்தை. ஒஸ்லோவிலேயே விற்றுவிடலாம்."

"மற்றதெல்லாவற்றையும் கொண்டுபோ. அதை இருந்த இடத்தில் மாட்டிவிடு" என்றார் மதாம். "இந்த வயதில் சொந்தத்தில் ஒருவரைக் கழிக்க எனக்குத் தெம்பில்லை."

மற்றப் படங்கள் போன பிறகு சுவரில் வெளிறிய சதுரங்களும் அந்தப் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். அந்தக் குளிர்காலம் மதாம் முதியோர் இல்லத்துக்கு மாறினார். பனிச்சேற்றில் வழுக்கி வழுக்கி நான்தான் படத்தைச் சுமந்துபோனேன். கட்டிலருகே அதை மாட்ட வந்த தாதி, யாரென்று கேட்டார்.

"என் பூட்டி" என்றார் மதாம் நோர்வீஜிய மொழியில்.

தாதி என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். படத்தைச் சரியாக நிமிர்த்திவிட்டு ஈரமான கையுறைகளைப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு வீடுகள் மிச்சம் இருந்தன.