ஃபிரிட்ஜுக்காக இடிக்க இருந்த சுவர்

போன சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, எங்கள் சமையலறைச் சுவரை இடிப்பதற்காகக் கொத்தனார் தங்கராஜ் வந்து நின்றார். சுவரில் விரிசலா? இல்லை. ஒழுகுகிறதா? அதுவும் இல்லை. புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் சமையலறைக்குள் போகவில்லை... அதனால் சுவரை இடிப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

சிரிக்காதீர்கள். படித்த இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அது.

நாகர்கோவிலில், வடசேரி சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. நானும் மனைவி கிரேஸும் மட்டும்தான். அவள் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் குடும்பம் தோஹாவில், மகள் குடும்பம் பெங்களூரில். கிறிஸ்மஸுக்கு எல்லோரும் வருவார்கள். பத்து நாள் இருப்பார்கள். அந்தப் பத்து நாளும் பழைய ஃபிரிட்ஜ் பிதுங்கும். கேக்கை வைத்தால் கறிக்கு இடம் இருக்காது.

மற்ற நாட்களில் அதற்குள் என்ன இருக்கும்? அரைப் பாக்கெட் பால், கொஞ்சம் இட்லி மாவு, நாலு பச்சை மிளகாய்.

ஆனால் கடைக்குள் நுழைந்த பிறகு அந்த நாலு மிளகாயா ஞாபகத்துக்கு வரும்? விற்பனைப் பெண் இரட்டைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பளிச்சென்று விளக்கு எரிந்தது. "இதைவிடப் பெரிசு உண்டா?" என்று கேட்டது நான்தான். உண்டாம். கிரேஸ் சமையலறை மூலையை முன்னாலேயே டேப் வைத்து அளந்திருந்தாள் — தாராளமாக நிற்கும். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைப்பதாகவும் சொன்னார்கள். வாங்கிவிட்டோம்.

மூலையை அளந்தோம், சரி. மூலைக்குப் போகிற வாசலை யார் அளப்பது?

புதன்கிழமை வண்டி வந்தது. வந்தவர்கள் முதலில் பழைய ஃபிரிட்ஜைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பிறகு புதியதை இறக்கினார்கள். அது முன்வாசலில் நுழைந்தது, ஹாலைக் கடந்தது, சமையலறை வாசலில் நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் கதவுகளைக் கழற்றினாலும் இரண்டு அங்குலம் இடிக்கும் என்றார்கள். பின்வாசல் அதைவிட ஒல்லி.

"வழி பண்ணிட்டு கூப்பிடுங்க சார், வந்து உள்ள வச்சுத் தாறோம்" என்று சொல்லிவிட்டு, பழையதோடு கிளம்பிவிட்டார்கள்.

புதியது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. அங்கேயே ஓட்டலாம் என்றால், ஹாலில் அதற்குத் தேவையான பவர் பிளக் கிடையாது. மூன்று நாள்... வீட்டில் அவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ், குடிக்க ஒரு டம்ளர் ஜில் தண்ணீர் இல்லை. மாவு புளித்துப் பொங்கி வழிந்தது.

நீங்களாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வாங்கிய பொருள் சரி, வீடுதான் தப்பு என்று தோன்றியது.

தங்கராஜ் சுவரைத் தட்டிப் பார்த்தார். "வாசல் நிலையை எடுக்கணும் சாரே. மேல லிண்டல் காங்கிரீட்டையும் நீட்டிப் போடணும்."

"போடுவோம்" என்றேன்.

"ஒடச்சா தரையில டைல்ஸ் நாலஞ்சு போவும். இந்த டிசைன் இப்பம் கிடைக்காது. மொத்தமாட்டு மாத்துகதுதான் பாக்கதுக்கு நல்லா இருக்கும்."

தலையாட்டினேன்.

"அப்பம் பெயிண்டும் அடிக்கணும். ஒரு சுவருக்கு மட்டும் அடிச்சா, மத்ததெல்லாம் அழுக்காத் தெரியும்."

அதற்கும் தலையாட்டினேன். வாசல் செலவு ஃபிரிட்ஜ் விலையைத் தாண்டிவிட்டது என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிரேஸ் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கராஜ் உளியை எடுத்துவிட்டார். அப்போதுதான் முன்வாசலில் பிலோமியின் குரல் கேட்டது. கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர்.

"டீச்சரே, நெய்ச்சாளை இருக்கு." சொல்லிக்கொண்டே ஹாலை எட்டிப் பார்த்தார். "இது என்னவாக்கும்? புது பீரோவா?"

கிரேஸ் கதை முழுவதையும் சொன்னாள். பிலோமி மீன் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இவ்வளவு பெரிசுல என்னத்த வைக்கப் போறிய?"

"மீனை மொத்தமா வாங்கி வைக்கலாம்லா."

"என்னத்துக்கு டீச்சரே? நாளைக்கும் நான் வருவேன்லா."

கிரேஸ் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. உளியும் கையுமாகத் தங்கராஜ் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கராஜு, ஒண்ணும் உடைக்கண்டாம்" என்றாள் கிரேஸ். பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்ச பாருங்க, கடைக்கு போனைப் போடுங்க."

பயந்துகொண்டேதான் போட்டேன். மேனேஜர் கேட்டார், "கரண்ட்ல மாட்டினியளா சார்?"

"இல்லை."

"கீறல் எதுவும்?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே இருவரும் அதை நாலு பக்கமும் தடவிப் பார்த்தோம். இல்லை.

மேனேஜர் குடோனில் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார்.

"அப்பம் எடுத்துக்கிடுகோம் சார். வண்டிக் கூலி மட்டும் தந்தா போதும். ஒங்க பழசு குடோன்லதான் கிடக்கு. அதையே கொண்டு தரட்டா?"

ஹாலில் ஒரு பவர் பிளக் இருந்திருந்தால் எங்கள் கதி என்ன?

சாயங்காலம் பழையது வந்து, எங்கும் இடிக்காமல் தன் இடத்தில் போய் நின்றது. அதை உள்ளே வைக்க ஒரு கை கொடுத்துவிட்டுக் கிளம்பிய தங்கராஜுக்குக் கூலி நீட்டினேன். "இடிக்காததுக்கு என்னத்துக்கு சாரே கூலி?" என்று மறுத்துவிட்டார். மதியமே சாளைக் குழம்பு சாப்பிட்டிருந்தார், அது போதுமாம்.

யோசித்துப் பார்த்தால், நாம் வாங்குவதில் பாதி இன்றைக்காக இல்லை. என்றைக்கோ வரப்போகிற விருந்தாளிக்காக, என்றைக்கோ போகப்போகிற கல்யாணத்துக்காக. அப்புறம் அந்தப் பொருள் நிற்க இடம் வேண்டும் என்று, இன்றைக்கு இருக்கிற வீட்டை இடிக்கக் கிளம்புகிறோம்.

அது வந்து இறங்கிய அன்று எப்படி உள்ளே கொண்டுபோவது என்று பேசிப் பேசியே தூக்கம் போனது. திருப்பிக் கொடுத்த அன்று ஒன்பது மணிக்கே இருவரும் குறட்டை. இப்படி ஒரு நிம்மதி இருப்பதை எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை... சொன்னால் வியாபாரம் நடக்குமா?