நான் குங்குமம் வைத்த ஏல நோட்டீஸ்

ஏல நோட்டீசுக்குக் குங்குமம் வைத்து, முருகர் படத்துக்குப் பக்கத்தில் சொருகி, கற்பூரமும் காட்டிய ஆள் எங்கள் விஜயபுரம் மண்டலத்திலேயே நான் ஒருவன்தான்.

சிரிக்காதீர்கள். (சரி, சிரியுங்கள். வீட்டில் இரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.)

தபாலில் வந்த காகிதம் தெலுங்கில் இருந்தது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். தெலுங்கு வாயில் தண்ணீராக ஓடும். காகிதத்தில் பார்த்தால் எழுத்துக்கூட்ட வேண்டும்!

'பங்காரு' என்று படித்தேன். தங்கம். அடுத்து 'வே... ல...' என்று வந்தது. அதற்குமேல் படிக்கவில்லை. முருகனுக்குத் தங்க வேல் செய்கிறார்கள், காணிக்கை கேட்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இன்டர் (அதாவது பிளஸ் டூ) படிக்கும் பெரிய மகள்தான் பார்த்தாள்.

"நைனா, ஃபைனான்ஸ் நோட்டீஸ இன்னாத்துக்கு சாமியாண்ட வெச்சிக்கீற?"

"தங்க வேலும்மா. அடுத்த மாசம் காணிக்க போட்டுடலாம்."

"ஐயோ நைனா! வேல் இல்ல, வேலம்! அம்மா நகைய ஏலம் உடப் போறாங்க!"

வேலம்! லோடு ஆட்டோ ஓட்டுகிற எனக்கு மார்க்கெட்டில் தினமும் பத்துத் தடவை காதில் விழும் வார்த்தை!

நகை அடகுக்குப் போனதும் என்னால்தான். சின்ன மகள் காதுகுத்துக்கு அறுநூறு பேருக்குச் சாப்பாடு, மூன்று பிளெக்ஸ். மூன்றிலும் பெரிதாகக் கும்பிட்டபடி நான். (காது குத்திக்கொண்ட பிள்ளை ஒரு மூலையில், ஸ்டாம்ப் சைஸில்.)

என் மனைவி சுகுணா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்கம்மா போட்ட நகை. எவளோ ஒருத்தி போட்டுக்கினு போவா, நான் பார்த்துக்கினு நிக்கணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அவள் எங்கள் ஊர் டுவாக்ரா மகளிர் குழுவுக்கு லீடர். அந்த ஞாயிற்றுக்கிழமையே குழு ரூல்ஸ் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன! வாரம் ஒரு மீட்டிங். லேட்டாக வந்தால் பத்து ரூபாய் ஃபைன். எந்தச் செலவானாலும் ஓட்டெடுப்பு. அவர்கள் மூன்று பேர், நான் ஒருவன். ஜனநாயகம் என்றால் என்னவென்று நன்றாகப் புரிந்தது.

முதல் தீர்மானம்: என் பைக்கை விற்று வட்டியைக் கட்டி ஏலத்தை நிறுத்துவது. மூன்றுக்கு ஒன்று. பாஸ்!

இரண்டாவது, என் டீ.

"ஒரு நாளைக்கு அஞ்சு டீயா? வண்டி டீசல்ல ஓடுது, சரி. நீங்க டீயில ஓடுறீங்களா?"

"தலைவலிக்குது சுகுணா..."

"ரெண்டு டீக்கு வலிக்காத தலையா பார்த்து வெச்சிக்கோங்க."

பாஸ்!

மழைக்கு லோடு மேல் போடப் புதுத் தார்ப்பாய் கேட்டேன். "அதான் மூணு பிளெக்ஸ் கீதே!" என்றாள் சின்னவள். அந்த மழைக்காலம் முழுக்கக் கத்தரிக்காய் மூட்டைகளின் மேல் கும்பிட்டபடி, நனைந்துகொண்டே திருப்பதி மார்க்கெட் வரை போய் வந்தேன். (வண்டிக்குள் ஒருவன், மேலே ஒருவன்.)

இருபத்திரண்டு மாதம். கேபிள் கட். கறி மாதம் ஒரு தடவை. விசேஷங்களுக்குப் போனால் மொய் இவ்வளவுதான் என்று பெரியவள் கவரிலேயே போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவாள். மிச்சமெல்லாம் அசலுக்கு.

இன்று நாலு பேரும் பஸ் ஏறிப் புத்தூர் ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போனோம். கடைசித் தொகையைக் கட்டினோம். ஒரு செயின், நாலு வளையல். எடை போட்டுக் காட்டி, சுகுணா கையிலேயே கொடுத்தார்கள்!

கவுன்டரில் இருந்த தம்பி பழக்கதோஷத்தில் கேட்டான்: "மள்ளீ எப்புடு வஸ்தாரு அன்னா?"

மறுபடி எப்போது வருவேனாம்! நான் வாயைத் திறப்பதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள்.

"இங்க ராமு!"

(ராமு யார் என்று கேட்காதீர்கள். 'இனிமேல் வரமாட்டோம்' என்று அர்த்தம்!)

க்யூவில் நின்ற ஒரு அம்மா கைதட்டினார். நான் ஏதோ எலெக்‌ஷனில் ஜெயித்தவன் மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டேன்.

சுகுணா அங்கேயே வளையலைப் போட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் சோப்பு நுரை இல்லாமல் ஏறாத வளையல். இன்று தானாக ஏறி முழங்கை வரை போய்விட்டது.

"எம்மா, ஸ்லிம் ஆயிட்ட!" என்றாள் சின்னவள்.

"வேல செஞ்சா ஒடம்பு எறங்காதா? உங்க நைனா மாதிரி குந்திக்கினே வண்டி ஓட்டுனா எப்டி எறங்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

'நான் அப்பவே துன்னுட்டேன், நீங்க துன்னுங்க' என்று இத்தனை மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். ஊர் வரும் வரை என்னென்னமோ பேசினேன். இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை:

என் தட்டில் ஒரு நாள்கூட ஒரு கரண்டி குறையவில்லையே, சுகுணா.