விழாத போத்தல்

கடலின் நடுவே போகும் மன்னார்த் தாம்போதிச் சாலையின் ஓரக் கற்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரை விட்டுக் கிளம்பி மூன்று நாளாகிறது. கடைக்காரரும் பஸ் நடத்துநரும் தவிர யாரும் என்னோடு பேசவில்லை.

பக்கத்தில், மன்னார்த் தீவிலேயே உள்ள தாராபுரத்துக்காரர் ஒருவர் தூண்டில் போட்டிருக்கிறார். அவருடைய வாளியில் உயிர் இறால்கள் துள்ளுகின்றன. தூண்டில் நரம்பை ஒரு வெற்றுச் சோடாப் போத்தலின் கழுத்தில் சுற்றி, கல்லின்மேல் நிறுத்தியிருக்கிறார். மீன் இழுத்தால் போத்தல் விழும்.

“தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். இதைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. போத்தல் விழுந்தா உடன இழுக்க வேண்டாம். மீன் விழுங்கட்டும், பத்து எண்ணிப்போட்டு இழுங்கோ.”

“ஓம்” என்கிறேன். ‘ஆமாம்’ என்பதை அவர்கள் ஊர்ச் சொல்லில் சொன்னதிலேயே எனக்கு ஒரு சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் போத்தல் விழுகிறது. எண்ண மறந்து, ஒரே வெட்டாக இழுத்துவிடுகிறேன். வெறும் முள்தான் வருகிறது. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டு, நரம்பைப் போத்தலில் சுற்றி நிமிர்த்தி வைக்கிறேன்.

அவர் எனக்கும் ஒரு தேநீர் வாங்கி வருகிறார்.

“மீன் கடிச்சதோ?”

“இல்லை.”

போத்தலில் நரம்பு மாறிச் சுற்றியிருப்பதைப் பார்க்கிறார். பிறகு இழுத்து, வெறும் முள்ளைப் பார்க்கிறார்.

“நண்டு திண்டிருக்கும்” என்று வேறு இறாலைக் குத்திப் போடுகிறார்.

பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்கிறது. “தொழுதிட்டு வாறன் தம்பி” என்று எழும்புகிறார். இந்த முறை நரம்பைச் சுருட்டி வாளியோடு எடுத்துக்கொண்டு போகிறார். போத்தல் மட்டும் என் பக்கத்தில் நிற்கிறது.