இரண்டு பேரும் குடிக்கிற சர்பத்

சிலாபம் சந்தையில் அன்னாசி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ரஹீமா டீச்சரின் மகள் நஸ்ரின் அழைத்தாள். "சேர், உம்மா மௌத்தாயிட்டா" என்றாள். வேறு யாரோ தொலைபேசியை வாங்கி, காலையில் சுபஹ் தொழுதுவிட்டு அந்தப் பாயிலேயே சாய்ந்தவர் எழும்பவில்லை என்றும், பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்றும் சொன்னார்கள். கடைக்காரர் பழங்களைப் பையில் போட்டபடி, வேண்டுமா வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்டார். வேண்டும் என்றேன். ரஹீமா டீச்சர் என்னை வாங்கி வரச் சொன்ன பழம் அது. அதை எப்படி வேண்டாம் என்பது?

அன்னாசிப் பையோடுதான் டீச்சரின் ஊரான ஆலங்குடாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். என் கையைப் பார்த்த ஒருவர், பெருநாள் வீட்டுக்கு வருகிறேன் என்று நினைத்திருப்பார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. பெருநாள் கழிந்ததும் டீச்சர் மன்னாருக்குப் போவதாக இருந்தார். எதற்காகப் போகவிருந்தார் என்பதை அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவருடைய சர்பத்தைக் குடிக்காதவர்கள் உங்களில் குறைவு. கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் பாடசாலையில் அவர் மனையியல் ஆசிரியை, நான் கணக்கு வாத்தியார். பெருநாள், கிறிஸ்து பிறந்த நத்தார், பரிசளிப்பு விழா, யாராவது ஓய்வு பெறுகிற நாள் என்று எது வந்தாலும் அவருடைய பெரிய எவர்சில்வர் சட்டி முதல் ஆளாக வந்து நிற்கும். அன்னாசியைத் தோலோடு இஞ்சியும் கறுவாப்பட்டையும் போட்டு ஊறவைப்பார். எங்கள் மணற்காட்டில் கொடியோடி விளைகிற செக்கச்சிவந்த வத்தகப்பழச் சாறும் மாதுளை முத்தும் பிறகு சேரும். கடைசியில் புளிப்புக்குத் தேசிக்காயும், கசகசாவும். கலர்த் தூளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருமுறை யாரோ ரோஸ் எசன்ஸ் போத்தல் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீச்சர் அதை வாங்கி, முகர்ந்து பார்த்து, இது தலைக்கு வைக்கிறதா என்று கேட்டுவிட்டார். கொண்டுவந்தவர் விழா முடியும்வரை எங்கள் பக்கமே வரவில்லை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "சுபஹுக்கு ஊறப் போட்டு லுஹருக்குள்ள குடிச்சு முடிச்சிரணும் சேர். அதுக்குப் பிறகு அது வேற சாமான்" என்பார். விடியற்காலைத் தொழுகையிலிருந்து நண்பகல் தொழுகை வரை, அவ்வளவுதான் அதன் ஆயுள். இந்த வெயிலில் அன்னாசித் தோலும் சீனியும் சேர்ந்தால் சும்மா இருக்குமா? புளிக்கத் தொடங்கும். புளித்தால் போதை வரும், போதை வந்தால் ஹராம். அதனால் பரிமாறுவதற்கு முன் சட்டியின் மூடியைக் கொஞ்சம் நீக்கி, ஸ்கார்ஃபை ஒதுக்கிக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சின்னதாக ஒரு இரைச்சல் கேட்டாலும் ஒருவருக்கும் ஒரு சொட்டுக் கிடையாது. பிரதம விருந்தினர் காத்திருக்க, ஒரு ஆசிரியை சட்டியோடு ரகசியம் பேசுவதைப்போல் நிற்கிற காட்சியைப் பார்த்து நாங்கள் சிரிக்காத விழா இல்லை. நான் கத்தோலிக்கன், அதுவும் கள்ளுக்குப் பேர்போன கரையில் வந்து குடியேறியவன். புளித்தால் என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், வீணாக்க வேண்டாம் என்று சீண்டுவேன். "உங்களுக்கு மட்டும் செய்யிறதெண்டா நான் ஏன் சேர் இவ்வளவு மினக்கெடுறன்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

என் பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கும் அவரைத்தான் கேட்டோம். வீட்டுக்குப் பின்னால் என் மச்சான்மார் சாராயப் போத்தலோடு கூடுவார்கள் என்று தெரிந்தும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். என் மனைவி புதுப் பானை ஒன்றை விளக்கி வைத்திருந்தாள். டீச்சர் அதைத் தொடவில்லை. தன் சட்டியையும் அகப்பையையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் வீட்டுப் பானையில் செய்தால் ஆகாதாக்கும் என்று மனைவி முகம் சுருங்கிப் போனாள். நானும் அது மார்க்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றே நினைத்தேன். டீச்சர் அதைக் கவனித்துவிட்டார். விருந்து முடிந்து ஆட்கள் கலைந்தபின் குசினிக்குள் போய், என் மனைவிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

யுத்தம் நடந்த தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் வெளியேறச் சொன்னபோது, நஸ்ரின் கைக்குழந்தை. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவர் கையில் பிள்ளையும் ஒரு பையும் தவிர வேறெதுவும் இல்லை. ஓலைக் கொட்டிலில் இருந்த நாட்களில் அந்த வரிசைக்கே ஒரு சட்டிதான். "எங்கட முறை வாற வரைக்கும் பிள்ளை பசியில கத்தும். சட்டி தாங்கோ, சட்டி தாங்கோ எண்டு ஒவ்வொரு வாசலா நிண்டிருக்கன். அதுக்குப் பிறகு எண்ட கை இரவல் சட்டியைத் தொடாது அக்கா. உங்கட பானையில ஒரு குறையும் இல்ல" என்றார். என் மனைவி அழுதுவிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள், என்னை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

மன்னாரில் டீச்சர் வீட்டுக்குப் பக்கத்து வீடு பிலோமினாவுடையது. ஒரே வயது, ஒரே கிணறு. அங்கே நத்தாருக்குப் பிலோமினா வீட்டில் வைன் போடுவார்கள். வேலிக்கு இப்பால் இருக்கிற தோழி அதைத் தொட முடியாது. இவர் வீட்டுப் பெருநாளுக்கு அவர் வருவார், அவர் வீட்டு நத்தாருக்கு இவர் போய் வெறும் கேக்கைத் தின்றுவிட்டு வருவார். அது டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கொண்டாட்டம் என்றால் ஒரே சட்டியிலிருந்து இரண்டு பேரும் குடிக்க வேண்டும் என்று தொடங்கியதுதான் இந்தச் சர்பத். நாங்கள் விழாக்களில் குடித்துத் தீர்த்தது உண்மையில் பிலோமினாவுக்காகக் கண்டுபிடித்த ஒன்று.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு மன்னாரிலிருந்த டீச்சரின் காணி துப்புரவாகி, அதில் ஒரு சின்ன வீடும் எழும்பியது. குடிபுகும் நாளுக்கு என்னையும் கூட்டிப் போனார். நஸ்ரினின் கணவர் வான் ஓட்டினார். வானுக்குள் ஏறியபோதுதான் பார்த்தேன். இரண்டு நீலக் கலன்கள் நிறையச் சர்பத். முதல் நாள் பின்னேரமே ஊறப்போட்டு வடித்திருக்கிறார். உங்கள் சட்டம் எங்கே போனது என்று கேட்டேன். வில்பத்துக் காட்டுப் பாதையால் போனால் வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்றார். அங்கேயே போய்ச் செய்தால் என்ன என்று நஸ்ரின் கேட்டாள். "வெறுங்கையோட வந்த ஊருக்கு வெறுங்கையோடயா திரும்பிப் போறது? போய் இறங்கினதும் பிலோவிட்ட சட்டி கேக்கிறதா?" என்றார். நஸ்ரினின் கணவர் வானைக் கிளப்பினார்.

மலைநாட்டுப் பக்கம் மழையாம். ஆற்றைக் கடக்கிற பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மேலே நல்ல வெயில். திரும்பிப் புத்தளம் வந்து, அனுராதபுரம் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. வானுக்குள் இருந்த சூட்டில் எங்களுக்கே தலை சுற்றியது. டீச்சர் கலன்களின் மேல் ஈரத் துணியைப் போட்டுப் போட்டு, வழி நெடுக வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தார். போய்ச் சேரும்போது லுஹர் தாண்டி வெகு நேரமாகிவிட்டது.

பிலோமினா வாசல் படலையிலேயே நின்றார். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் டீச்சர் கலனை இறக்கச் சொன்னார். ஊர் ஆட்கள் சுற்றி நின்றார்கள். மூடியைக் கொஞ்சம் திருகிக் காதை வைத்தார். காதை வைக்கவே தேவையிருக்கவில்லை. தள்ளி நின்ற எனக்கே அந்த இரைச்சல் கேட்டது. டீச்சரின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

பிலோமினா சிரித்துக்கொண்டு, "நாங்கள் குடிக்கிற ஆக்கள்தானே, ஊத்து ரஹீமா" என்றார்.

"நீ குடிப்பாய் பிலோ. நான் எப்பிடிக் குடிக்கிறது? ரெண்டு பேரும் குடிக்கத்தானே கொண்டுவந்தன்."

இரண்டு கலன்களையும் வேப்பமரத்தடி மணலில் கவிழ்த்தார். நுரைத்து ஓடியதை மண் முழுவதுமாகக் குடித்தது. பிலோமினா விடவில்லை. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன், பழம் வாங்கி வைத்திருக்கிறேன், பானையும் இருக்கிறது, இப்பவே செய்வோம் என்று உள்ளே ஓடிப்போய் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரி இல்லாமல் விளக்கிய அலுமினியப் பானை. இவர் வருவார் என்று எத்தனை நாளாகப் பார்த்திருந்தாரோ! இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சர் அதைப் பார்த்தார். கை எழும்பவில்லை. "அடுத்த முறை பிலோ, எண்ட சட்டியோட வாறன்" என்றார். பிலோமினா பானையைத் திருப்பிக் கொண்டுபோனார். அன்று நாங்கள் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம்.

திரும்பி வரும் வழியில், மதவாச்சி தாண்டியபின் டீச்சர் சொன்னார். "சேர், அந்தப் பானைய வாங்கியிருக்கலாம்."

அடுத்த முறை என்றாரே, அது வரவேயில்லை. முதலில் டீச்சரின் கணவர் நோயில் விழுந்தார், ஒரு வருடம் அதோடு போனது. அவர் மௌத்தானபின் டீச்சர் நாலு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல் இத்தா இருந்தார். பிறகு நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் வந்தது. அதுவும் தீர்ந்ததும் வான் ஓடப் பெற்றோல் இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் போவோம் போவோம் என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போனது. எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அத்தனை பேருக்குப் பந்தி பந்தியாக ஊற்றிக் கொடுத்த மனுஷி, யாருக்காகச் செய்யத் தொடங்கினாரோ அவரோடு இருந்து ஒரு கிளாஸ் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஒரு பானையைக் கை நீட்டி வாங்கியிருந்தால் அது அன்றைக்கே முடிந்த காரியம்.

போன மாதம் அவரே அழைத்தார். குரலில் அப்படி ஒரு துள்ளல். "சேர், இந்தத் தரம் கைய வீசிக்கொண்டு போகப்போறன். தண்ணி அந்தக் கிணத்துத் தண்ணி, பானை பிலோட பானை. அவக்கும் சொல்லிட்டன். அன்னாசி மட்டும் சிலாபத்தில பாத்து நல்லதா வாங்கி வாங்க" என்றார். சட்டி கொண்டுபோகவில்லையா என்று சீண்டினேன். "அது இங்க கிடக்கட்டும், எவ்வளவு காலத்துக்கு அதத் தூக்கித் திரியிறது?" என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான்.

பிலோமினாவுக்குச் செய்தி போய், அவர் வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், இறந்தவருக்காகக் கத்தம் ஓதுகிற அன்று விடியற்காலை. பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மடியில் அந்தப் பானை. அதற்குள் பழைய சேலைத் துண்டில் சுற்றிய இரண்டு போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர். ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை, வெறுங்கையோடு வர மனம் கேட்கவில்லை என்று என்னிடம் சொன்னார். வாசலில் நின்று பானையை நீட்டவும் தெரியாமல், கீழே வைக்கவும் தெரியாமல் தவித்தார். நஸ்ரின் எழுந்து வந்து இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். நேரே குசினிக்குப் போய், நான் கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த அன்னாசிகளை எடுத்து வெட்டத் தொடங்கினாள். மௌத்து வீட்டில் சர்பத்தா என்று கேட்க ஒரு மாமி வாயெடுத்தார். பானையைப் பார்த்ததும் அவரும் இஞ்சி தட்ட உட்கார்ந்துவிட்டார்.

லுஹர் தொழுகைக்கான பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் நஸ்ரின் மூடியை நீக்கிக் காதை வைத்தாள். பிறகு பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவர் முழங்காலிட்டு, டீச்சரைப்போலவே தலையில் போட்டிருந்த சேலைத் தலைப்பை ஒதுக்கிக் காதை வைத்து, ஒரு சத்தமும் இல்லை என்றார். நஸ்ரின் முதலில் இரண்டு கிளாஸ் ஊற்றினாள். ஒன்றைப் பிலோமினா எடுத்தார். மற்றது பாயில் இருந்தது. அதை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

பிலோமினா அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்கள் குடியுங்கோ சேர். நான் தனியக் குடிக்கமாட்டன்" என்றார்.

எனக்கென்று ஊற்றியதல்ல அது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மதவாச்சி தாண்டியபின் டீச்சர் பானையைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையும் கூடவே வந்தது. இரண்டு கையாலும் வாங்கினேன். இஞ்சி கொஞ்சம் கூடிப்போயிருந்தது, மற்றபடி அவருடைய சர்பத்தேதான். ரஹீமா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் குடிக்காமல் போன அந்த ஒரு கிளாஸ்.