லோர்னா சொன்ன பஸ் கதை

லோர்னா கோவல் வாயைத் திறந்தால் கனடாவின் சஸ்காச்சுவான் வயல்களில் ஓடும் அறுவடை இயந்திரம்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் நகரும் என்பார்கள். அதில் பாதி நிஜம். அவள் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து தூக்கத்தைத் தொலைத்த அப்பா அம்மாக்கள், இவர்களுக்காக ஓட்டைக் காரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவள்.

அந்த அக்டோபரில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வான்கோழி விருந்து. வசூலாவதெல்லாம் பிள்ளைகளின் விளையாட்டு அறைக்கு. லோர்னாவைப் பேசச் சொன்னார்கள்.

அவள் தொழிலில் கதை சொல்லலாம், பிள்ளையைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. அதனால் நிஜத்துக்கு வேஷம் கட்டிவிடுவார்கள். லோர்னாவும் கட்டினாள். தன்னிடம் வரும் எட்டு வயது டெஸ்ஸாவைப் பையனாக்கினாள். அந்தப் பிள்ளை உயிராய் நினைக்கும் பனி தள்ளும் வண்டிகளை பஸ்ஸாக்கினாள்.

"சத்தம்னாலே அலறுவான். காதை மூடுற ஹெட்ஃபோன் இல்லாம வெளியவே வர மாட்டான். நான் அவசரப்படல. பஸ்ஸப் பத்தியே பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு நாள் அவனே மெல்ல அதக் கழட்டி என் மடில வச்சான்."

கைக்குட்டைகள் வெளியே வந்தன. அப்போது கோட்டுகள் தொங்கிய மூலையிலிருந்து டெஸ்ஸா வெளியே வந்தாள்.

"தப்பு. பஸ் இல்ல, பனி தள்ளுற வண்டி. பையனும் இல்ல. அது நான்."

யாரோ சிரித்தார்கள். "டாக்டரம்மா, மாட்டிக்கிட்டீங்களே!"

டெஸ்ஸா சிரிக்கவில்லை. "நான் கழட்டல. நீங்கதான் புடுங்கினீங்க. அதான் கடிச்சேன்."

லோர்னாவின் கை தானாகவே மணிக்கட்டை மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டு வாத்து கடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த இடம் அது. கடி வாங்கிய அன்றைக்கு லோர்னாவுக்குத் தலைவலி. டெஸ்ஸாவிடம் கேட்ட கேள்வியையே நான்காம் முறை கேட்டும் பதில் வரவில்லை. வெடுக்கென்று ஹெட்ஃபோனை உருவிவிட்டாள். பிள்ளையின் அம்மா மார்னி வந்ததும், "இன்னிக்கு அவளே கழட்டினா" என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷப் பேருக்குப் பங்கம் வராமல் இருக்க ஒரு வரிப் பொய்.

மார்னி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். லோர்னா கோட்டுகூட எடுக்காமல் பின்னால் ஓடினாள்.

"மார்னி, நில்லு... அவ சொன்னது நிஜந்தான்."

"அவ பொய் சொல்ல மாட்டா. அது எனக்குத் தெரியும்." மார்னி திரும்பினாள். "அவளே கழட்டினான்னு நீங்க சொன்னதுலேர்ந்து ஹெட்ஃபோன அலமாரில வச்சுப் பூட்டிட்டேன். பழகிடுவான்னு நெனச்சேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிலுக்கடில படுத்துக்குறா. நான் திட்டுறேன். அவளத்தான் திட்டுறேன்!"

லோர்னா தன் பொய் அன்றோடு செத்துப்போனது என்று நினைத்திருந்தாள். அது தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"மன்னிச்சிடு."

"எங்கிட்ட எதுக்கு? அவகிட்டக் கேளுங்க. அப்புறம் உள்ள போய் ஸ்கூல் பிரின்சிபால்கிட்டச் சொல்லுங்க. நான் மறுபடி ஹெட்ஃபோன் குடுத்தனுப்பினா, செல்லங் குடுத்துக் கெடுக்குறேம்பாரு."

லோர்னா டெஸ்ஸாவின் முன்னால் குனிந்தாள். "நான் புடுங்கியிருக்கக் கூடாது."

"ஆமா," என்றாள் டெஸ்ஸா. காரில் ஏறிக்கொண்டாள்.

பிரின்சிபால் தட்டிலிருந்த பூசணிக்காய் இனிப்பில் பாதி தின்றிருந்தார். லோர்னா பக்கத்தில் போய் முணுமுணுத்தாள்.

"என்னம்மா? தட்டு கழுவுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

தட்டு கழுவும் சத்தம் உடனே நின்றது. அந்த ஊர்ப் பெண்களுக்கு அது எப்போது நிற்க வேண்டும் என்று தெரியும். எல்லோரும் கேட்க லோர்னா மறுபடி சொன்னாள்: "டெஸ்ஸாவுக்கு அந்த ஹெட்ஃபோன் வேணும். வேணாம்னு ஆனதுக்கு நான் சொன்ன பொய்தான் காரணம்." கதை கேட்டுக் கைக்குட்டை எடுத்தவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் மார்னி டெஸ்ஸாவை லோர்னாவிடம் கூட்டி வரவில்லை. பனி விழ ஆரம்பித்த பிறகு கூட்டி வந்தாள். நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு, எந்த நிமிஷமும் எழுந்து போகிறவள்போலக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். டெஸ்ஸாவின் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. கோட்டைக் கழற்றச் சொல்லும் தைரியம் லோர்னாவுக்கு வரவில்லை.